வாசல், கிணறு, லோ

குரியாத் பம்ப் நிலையத்தில்
ஏசி பாதி செத்த ஓர் அறை.
அதில் டெபியன் ஓடும் பழைய பெட்டி,
நானூற்றுச் சொச்சம் நாளாக அணையாதது.
நெட்வொர்க் கார்டு இரண்டு.
ஒன்று வெளியே, சிம் போட்ட மோடத்துக்கு.
மற்றது உள்ளே, மோட்டார்களுக்கு.

ஈஎன்பி-டூ-எஸ்-ஜீரோ என்று
எந்திரம் தானாக வைத்த பெயர்
பெர்பெத்துவாவுக்கு ஆகவில்லை.
"பெத்த பிள்ளைக்கு
ரேஷன் கார்டு நம்பரையா பேரா வைப்பாங்க?"
வெளியே போவதற்கு வாசல் என்று வைத்தாள்.
உள்ளே இறங்குவதற்குக் கிணறு.
மூன்றாவதைத் தொடவில்லை.
அது லோ.
தனக்குத் தானே தபால் போட்டு
தானே கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வது.
"அது நம்ம மேனேஜர், இருந்துட்டுப் போகட்டும்."

தோஹாவுக்கு வேலை மாறிப் போகும்போது
அந்தக் கோப்பின் தலையில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்:
பேர் வெச்சது நான். பிடிக்கலேன்னா மாத்திக்கோ.
அதன் கீழே இன்னொன்று:
வெட்டும் முன்
ஒட்டும் வரியை எழுதி வை.
நூற்றிருபது நொடி ஸ்லீப்,
பிறகு தானே எழுந்து திறக்கட்டும்.

நேற்று இரவு ஒரு மணி, ரூவியில் என் அறை.
அளவீடு ஒன்று தொங்கிப்போயிருந்தது.
கிணற்றை ஒரு நொடி இறக்கி ஏற்றினால் சரியாகும்.
மனசு கிணறு என்றது.
விரல் வாசல் என்று அடித்தது.
டவுன்.
என்டர்.

கர்சர் துடிக்கிறது.
அடிக்கிறேன், எழுத்து விழவில்லை.
பிழை என்று ஒரு வரிகூட இல்லை.
சொன்னதைச் செய்துவிட்டது,
செய்தேன் என்று சொல்லத்தான்
அதற்கு இப்போது வழியில்லை.
உட்கார்ந்த கிளையை வெட்டியவனுக்கு
ஒரு ரம்பமாவது வேண்டியிருந்தது.
எனக்கு ஆங்கிலத்தில் நாலு எழுத்து.

தொண்ணூறு கிலோமீட்டர்.
ஆகஸ்ட் புழுக்கத்தில் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கிறது.
ஒட்டகம் போட்ட முக்கோணப் பலகை வருகிறது,
ஒட்டகம் வரவில்லை.
மலையிறக்கத்தில் ரேடார் ஒருமுறை மின்னியது.
அந்தப் பத்து ரியாலையும்
கம்பெனியிடம் கேட்க முடியாது.

கேட்டில் ஹமூத் டார்ச் அடித்தார்.
"ஃபீ முஷ்கிலா?"
முஷ்கிலா நான்தான் என்றேன் தமிழில்.
புரிந்ததுபோல் சாவியைத் தேடினார்.

உள்ளே நாலு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன.
யாரும் பார்க்காத இரண்டரை மணி நேரமும்
தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.
நிம்மதியாகத்தான் இருந்தது.
கொஞ்சம் அவமானமாகவும்.

கீபோர்டில் மணல்; என் எழுத்தை
நகத்தால் அழுத்தினால்தான் விழும்.
பட்டியல் கேட்டேன்.
லோ: நலம்.
கிணறு: நலம்.
வாசல்: டவுன்.

டவுன் என்றால் நாம் சாத்தியது.
நோ-கேரியர் என்றால்
நாம் திறந்துதான் வைத்திருக்கிறோம்,
மறுமுனையில் யாரோ கம்பியை உருவிவிட்டார்கள்.
இருட்டு என்னவோ ஒன்றுதான்.
பெர்பெத்துவாவிடம் மார்ச்சுக்குப் பிறகு பேசவில்லை.
இதில் அது எது என்று
எந்தக் கட்டளையிலும் கேட்டதில்லை நான்.

அப்.
பச்சை விளக்கு இரண்டுமுறை விக்கிவிட்டு நின்று எரிந்தது.
முகவரி வந்தது, பழைய அதே முகவரி.
முதல் பிங் தொலைந்தது.
இரண்டாவது திரும்பி வந்தது.

மணி மூன்று நாற்பது.
தோஹாவில் இரண்டு நாற்பது.
போனை எடுத்து,
"உன் வாசலைச் சாத்திட்டேன்" என்று அனுப்பினேன்.
ஒரு டிக்.
ஹமூத் ஃபிளாஸ்கிலிருந்து கஹ்வா ஊற்றினார்,
ஒரு பேரீச்சம்பழத்தையும் நீட்டினார்.
கொட்டையை எங்கே போடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது
மேசையில் போன் அதிர்ந்தது.

"ஸ்லீப் போடலையா?"

"நீயும்தான் போடலை"
என்று அடித்தேன்.